கைப்பிடிச்சுவர்



புதுவீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. சுவரில்லாத மெத்தையிலிருந்து ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். விழுந்தவன் ஏன் பார்த்து நடக்கவில்லை என்று வேதம் கேட்கவில்லை. நாரணாபுரத்தில் வாழும் நமக்கோ, ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பின்னும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று கேட்டே பழகிவிட்டது.

நம் வட்டாரத்துக்குச் சோறிட்ட தீப்பெட்டித் தொழிலிலேயே இப்படியொரு சுவரின் வரலாறு உண்டு. முற்காலத்தில் தீக்குச்சியின் முனைக்கு வெண் பாஸ்பரஸ் பூசினர். மலிவான மருந்து அது. ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்குப் பல்வலியாகத் தொடங்கித் தாடையெலும்பே அழுகியது. 1888-இல் லண்டனில் ஏறத்தாழ 1,400 தீப்பெட்டித் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும், வேலைநிறுத்தம் செய்தனர். 1891-இல் இரட்சணிய சேனை அங்கேயே ஓர் ஆலையைத் திறந்தது. தீங்கற்ற செம்பாஸ்பரஸ், காற்றோட்டமான கூடம், மற்றவர்கள் கொடுத்ததைவிட உயர்ந்த கூலி. ஜெபக்கூட்டம் நடத்துவதோடு நின்றிருக்கலாம். அவர்கள் ஆலையே நடத்திக் காட்டினார்கள். அந்தத் தீப்பெட்டியின் விலை சற்று அதிகம் என்பதால் வியாபாரம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் 1908-இல் பிரிட்டனிலும், 1913-இல் இந்தியாவிலும் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் சட்டங்கள் பிறந்தன.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-இல். ஆகவே நம் பாட்டிமார் அந்தத் தாடைநோயை அறியவில்லை. யாரோ, எங்கோ, நமக்கு முன்னரே கட்டிவைத்த சுவர் அது.

பட்டாசுக்கும் சுவர்கள் சட்டத்தில் உண்டு. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் அமரக்கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். மரத்தடியில் வேலை கூடாது. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது முதலில் இடிவது இந்தச் சுவர்களே. அறைகள் உள்குத்தகைக்குப் போனபின் சுவருக்குப் பொறுப்பாளி யார் என்பதே மறைந்துவிடுகிறது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு, உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றவும் என்ன நேர்ந்தது என்று பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார்.