பினாங்கில் இறங்கிய டயர் தம்பதி: அச்செழுத்தும் பள்ளிக்கூடமும்



மிஷனரிகளின் வருகை பற்றிக் கேள்வி வந்தால் நாம் என்ன எழுதுகிறோம்? ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஒரு பள்ளி, ஓர் அச்சகம். அவ்வளவுதான். அந்தப் பெயரும் பெரும்பாலும் கணவர் பெயராகத்தான் இருக்கும். கூடவே வந்த மனைவி என்ன செய்தார்? பினாங்குக்கு வந்த ஒரு தம்பதியை வைத்து இதைப் பார்ப்போம்.

ஏன் பினாங்கு?

1827 ஆகஸ்ட் 8. லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய சாமுவேல் டயரும் அவர் மனைவி மரியாவும் பினாங்கில் வந்து இறங்கினார்கள். இருவருக்கும் இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது. அந்த ஆண்டுதான் திருமணம். சாமுவேல் கேம்பிரிட்ஜ் படிப்பைப் பாதியில் விட்டவர். மரியாவின் தந்தை அதே சங்கத்தின் இயக்குநர்களில் ஒருவர்.

அவர்களுடைய நோக்கம் சீன மக்களிடம் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோவது. ஆனால் சீனாவுக்குள் சமயம் பரப்ப அப்போது தடை இருந்தது. ஆகவே வெளியே வாழ்ந்த சீனர்களைத் தேடி வந்தார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826இல்தான் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றாக்கப்பட்டிருந்தன. மூன்றிலும் சீனர்கள் இருந்தார்கள். டயர் தம்பதி முதலில் ஹாக்கியன் மொழி கற்றனர்.

சாமுவேலின் வேலை

அக்காலச் சீன நூல்கள் பெரும்பாலும் மரப்பலகையில் அச்சாயின. ஒரு பக்கத்துக்கு ஒரு பலகை. வேறு நூல் வேண்டுமா? மறுபடியும் முதலிலிருந்து செதுக்கணும். தனித்தனி உலோக எழுத்து இருந்தால் பிரித்து மறுபடி கோக்கலாம்.

தரங்கம்பாடியை நினைத்துப் பாருங்கள். 1706இல் அங்கு வந்த சீகன்பால்குவுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. பிறகு அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. தமிழுக்கே அந்தப் பாடு என்றால், ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் உள்ள சீனத்துக்கு?

சாமுவேல் கணக்குப் போட்டார். எந்த எழுத்து நூல்களில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, முக்கியமான மூவாயிரம் எழுத்துகளின் தொகுப்பை 1834இல் மலாக்காவில் வெளியிட்டார். எஃகு முனையில் ஒவ்வோர் எழுத்தாகச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழியாக்கி, அதில் உலோகத்தை உருக்கி வார்ப்பது முறை. வேலை முடியுமுன்னே, 1843இல் மக்காவில் அவர் இறந்தார். மிச்சத்தைப் பின்வந்தவர்கள் ஹாங்காங்கில் முடித்தார்கள்.

மரியாவின் வேலை

பெண்பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு என்று கேட்ட காலம் அது. மரியா சீனம் கற்று, பினாங்கிலும் மலாக்காவிலும் சீனச் சிறுமிகளுக்குக் கற்பித்தார். 1842இல் சிங்கப்பூரில் சிறுமிகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். வீட்டுவேலைக்காகச் சிறுமிகள் விற்கப்பட்ட காலத்தில் அது அவர்களுக்குப் புகலிடமாகவும் இருந்தது. கணவர் இறந்தபின் பினாங்குக்கே திரும்பி, 1845இல் பாசம் என்ற மிஷனரியை மணந்து, மறு ஆண்டே இங்கு காலமானார். அவர் தொடங்கிய பள்ளி இன்றும் செயின்ட் மார்கரெட் பள்ளியாக நடக்கிறது.

விடையில் எப்படி எழுதுவது?

முதலாவது, நோக்கத்தையும் விளைவையும் கலக்காதீர்கள். நோக்கம் மதமாற்றம், அதை மறைக்க வேண்டாம். விளைவு அச்சுக்கலையும் பெண்கல்வியும். அதைக் குறைக்கவும் வேண்டாம். "கல்விக்காகவே வந்தார்கள்" என்றாலும் தவறு, "மதத்தைத் தவிர ஒன்றும் செய்யவில்லை" என்றாலும் தவறு.

இரண்டாவது, "டயரும் அவர் மனைவியும்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். ஈய எழுத்துக் கோக்கும் காலம் முடிந்துபோச்சு. மரியாவின் பள்ளியில் இன்றைக்கும் மணி அடிக்கிறது. அவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

வகுப்பில் கேட்க:

1. டயர் தம்பதி சீனாவுக்குப் போகாமல் பினாங்குக்கு வந்தது ஏன்?
2. மரப்பலகை அச்சைவிட உலோக எழுத்தின் நன்மை என்ன?
3. இருவர் பணியில் எது நீடித்த விளைவைத் தந்தது? காரணம் காட்டி எழுதுக.

மூன்றாவதற்கு ஒரே விடை கிடையாது. மாணவர் காட்டும் காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.