கழிவுநீரில் மருந்து எச்ச நீக்கம்

விழுங்கும் மாத்திரை முழுதும் உடம்பில் தங்குவதில்லை. ஒரு பகுதி சிறுநீரோடு சாக்கடைக்குப் போகிறது. அந்த எச்சத்தை ஆற்றில் சேருமுன் அகற்றும் முறைகள் பற்றியது இக்கட்டுரை.

தேனி மாவட்டத்தில் இதன் தேவை நில அமைப்பிலேயே தெரியும். 1895இல் முடிந்த பெரியாறு அணையின் நீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் தாண்டி வைகையில் கலக்கிறது. 1959இல் திறந்த வைகை அணையில் தேங்கி, மதுரைக்குக் குடிநீராகிறது. கம்பத்துச் சாக்கடைக்கும் மதுரைக் குழாய்க்கும் நடுவே இருப்பது ஓர் ஆறும் ஓர் அணையும்தான்.

கழிவுநீரில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைத் தின்னவிடும் முறை 1914இல் மான்செஸ்டரில் பிறந்தது. இன்றும் அதுவே பரவலானது. குமிழ் கொப்பளிக்கும் அந்தப் பழுப்புத் தொட்டியில் பாராசிட்டமாலும் காஃபினும் பெரும்பாலும் அழிந்துவிடும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் ஏறக்குறைய வந்தபடியே வெளியேறும். வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக்கும் பெருமளவு தப்பும். தொட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, அது மலக்கழிவுக்காக வடிவமைக்கப்பட்டது.

இப்படித் தப்பும் எச்சங்கள் பல இடங்களில் கண்டறியப்பட்டுள்ளன. 1977இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரக் கழிவுநீரில் கொழுப்புக் குறைப்பு மருந்தின் எச்சம் பதிவானது. 2007இல் ஐதராபாத் அருகே பட்டான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தது. 2011இல் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில் கார்பமசெபைன் அறியப்பட்டது. 2021இல் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் காவிரியில் இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், அட்டெனலால் ஆகியவற்றைக் கண்டனர்.

நீக்கும் வழிகள் முன்பே உண்டு: ஓசோன், கிளர்வூட்டிய கரி, எதிர்ச்சவ்வூடு பரவல். சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் 2014இல் ஓசோன் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2016 முதல் அந்நாட்டுச் சட்டம் குறிப்பிட்ட நிலையங்களில் 80 விழுக்காடு நீக்கம் கேட்கிறது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் வந்த எதிர்ச்சவ்வூடு நிலையங்கள் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுடையவை. ஆனால் அவை ஆலைகளுக்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டப்பட்டவை. அம்முறையில் மருந்து அழிவதுமில்லை. சவ்வு ஒதுக்கும் உவர்நீரில் செறிந்து நிற்கிறது.

சட்டம் பின்தங்கியே வருகிறது. மருந்தாலைக் கழிவுக்கு ஆன்டிபயாட்டிக் வரம்பு விதித்த இந்திய வரைவு ஜனவரி 2020இல் வெளியானது. ஆகஸ்ட் 2021இன் இறுதி விதியில் அவ்வரம்புகள் இல்லை. நகரச் சாக்கடை அந்த வரைவிலும் இடம்பெறவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2024இல், இந்த எச்சங்களை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுப்பொருள் உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்றது.

கம்பம் பள்ளத்தாக்கு போன்ற சிறுநகரப் பகுதிக்குக் கிளர்வூட்டிய கரியே பொருந்தும் எனலாம். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து அதைச் செய்யும் தொழில் காங்கேயத்தில் நடக்கிறது. பள்ளத்தாக்கிலும் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை. ஆனால் எச்சம் படிந்து நிறைந்த கரியை மாற்றவோ மீண்டும் சூடேற்றவோ வேண்டும். அந்தத் தொடர்செலவை நகராட்சி தாங்க வேண்டும்.