சர்க்கரைப் பனி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு ஏரியாய் அகன்று கிடக்கும் கரையில் பெபின் என்றொரு சிற்றூர். அதன் அருகே 1867இல் பிறந்த லாரா இங்கல்ஸ் வைல்டர் பெயரால் அங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அவ்வூர்க் காட்டில் மேப்பிள் மரச்சாறு காய்ச்சிய நாள்களை, 1932இல் வந்த தம் முதல் நூலில் அவர் எழுதிவைத்தார். அதில் ஓர் இயலுக்கு அவர் இட்ட பெயர் 'சர்க்கரைப் பனி'.

அந்நூலில் அப்பெயரைக் கேட்ட சிறுமி, சட்டைக்கையில் விழுந்த பனியை நக்கிப் பார்க்கிறாள், இனிக்கவில்லை. அவள் இருபெயரொட்டு என்று கொண்டுவிட்டாள், பாவம்! இதுவோ உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பருவம் தப்பி வரும் பனி மரம் தளிர்ப்பதைத் தள்ளிப்போட, இரவில் உறைந்து பகலில் இளகும் நாள்கள் நீள, சாறும் நின்று சுரப்பதால், அது சர்க்கரையைத் தரும் பனி.

சர்க்கரை என்ற சொல்லையும் சற்றே பிரிப்போம், சொற்காதலரே. வடமொழிச் 'சர்க்கரா'வுக்குப் பரல், பொடிக்கல் என்பதே முதற்பொருள். அது பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'சுக்கர்', பிரெஞ்சில் 'சூக்ர்', ஆங்கிலத்தில் 'சுகர்' என்று உருண்டது. கிரேக்கம் வழியே இலத்தீனில் 'சக்காரும்' ஆகி, 1785இல் மேப்பிள் மரத்துக்குத் தாவரவியலார் மார்ஷல் சூட்டிய 'ஏசர் சக்காரும்' என்னும் தாவரப் பெயரிலும் ஏறிக்கொண்டது. நம்மிடம் வந்த பிராகிருத வடிவமோ, சகரம் மொழிமுதலாகாத பழைய மரபுக்கு இணங்கித் தலையெழுத்தை உதிர்த்து 'அக்காரம்' ஆயிற்று. ஆண்டாள் நேர்ந்த அக்காரவடிசிலில் இனிப்பது அதுவே. பின்னாளில் அதே சொல் சருக்கரை, சர்க்கரை என்று மறுவாசல் வழியாகவும் நுழைந்தது. ஒரே விருந்தாளி இருமுறை வந்தும் நாம் முகம் சுளிக்கவில்லை.

வெள்ளைக்குச் சீனி என்று பெயர் வைத்துவிட்டுப் பழுப்பைச் சர்க்கரை என்றே வழங்கும் ஊர்கள் நம்மிடம் இன்றும் உள. மேப்பிள் சர்க்கரையும் பழுப்பே. ஏறத்தாழ 40 லிட்டர் சாறு சுண்டினால் 1 லிட்டர் பாகு. அதை மேலும் காய்ச்சிக் கிளறினால் நெறுநெறுவென்று மணிமணியாய்ப் பூக்கும். பரல் என்ற பழம்பொருள் அந்தக் கொப்பரையில் மீண்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

இச்சொற்கள் கப்பலேறி அமெரிக்கா போகுமுன்பே அம்மண்ணின் தொல்குடியினரான ஒஜிப்வே மக்கள் இச்சாற்றைக் காய்ச்சிவந்தனர். மேப்பிள் மரம் அவர்களுக்கு 'அனினாத்திக்'. சாறு காய்ச்சும் பருவம் 'இஸ்கிகமிஸிகே கீஸிஸ்', காய்ச்சும் திங்கள். அந்தக் 'கீஸிஸ்', நம் திங்களைப் போலவே, நிலவுக்கும் மாதத்துக்கும் பொதுப்பெயர். போதாதென்று ஞாயிற்றுக்கும் அதுவே பெயர்.