மனு போட்டால் அரசியலா?

சிப்பிகாட் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், ரோட்டோரம் பரந்து கிடக்கும் அந்தத் தண்ணீர். பறவை பார்க்க வருகிறவர்களுக்குச் சொர்க்கம். 2004 சுனாமிக்கு முன்னால் அதில் பெரும்பகுதி வயல். அன்றைய பூகம்பத்தில் நிலம் தாழ்ந்து, கடல் உள்ளே வந்து தங்கிவிட்டது.

இங்கே நம்மாட்கள் சேர்ந்து நடத்தும் சின்ன சங்கம் ஒன்று இருக்கிறது. பொங்கல் விழா, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். திருப்பூரிலிருந்து பிழைக்க வந்த கணக்குப்பிள்ளையான நான்தான் வரவு செலவு எழுதுகிறேன். போன கூட்டத்தில் வயல் இழந்த பெரியவர் ஒருவர், "தம்பி, கரை கட்டித் தரச் சொல்லி சங்கத்துப் பேர்ல ஒரு மனு எழுதுங்க" என்றார். பொருளாளருக்குப் பயம். "வேண்டாங்க, அரசியல்னு சொல்லி வரிவிலக்கைப் பிடுங்கிட்டா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பார்த்ததுதான் இந்தப் பதிவு.

இந்தப் பயம் புதுசு இல்லை. 1925ல் காந்தி தொடங்கிய சர்க்கா சங்கத்துக்கும் இதே சிக்கல். எங்கள் திருப்பூர்தான் அதன் தமிழ்நாட்டுக் கிளையின் மையம். காங்கிரஸ் தீர்மானத்தால் பிறந்த சங்கம் ஆயிற்றே, தர்ம காரியம் என்று வரிவிலக்கு எப்படித் தருவது என்றது வருமான வரித்துறை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1944ல் தீர்ப்பு: பிறந்த இடம் எதுவானாலும் சங்கம் தனித்து இயங்குகிறது, அதன் முதன்மை நோக்கம் ஏழைகளின் துயர் தீர்ப்பது, ஆகவே விலக்கு உண்டு. அதே காலத்தில் திலகர் பெயரிலான அறக்கட்டளை ஒன்றுக்கு, நோக்கமே அரசியல் என்று சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றம் விலக்கு மறுத்தது. யார் தொடங்கினார்கள் என்பதல்ல, எதற்காக நடத்துகிறார்கள் என்பதே கேள்வி.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு இது பழகிய கோடு. அங்கே 1934 சட்டப்படி, சட்டம் இயற்றக் கோரிப் பேசுவது தொண்டு நிறுவன வேலையில் பெரும்பங்காகக் கூடாது. 1954 முதல் வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ பிரசாரமே கூடாது.

நம் நாட்டில் வெளிநாட்டு நன்கொடைக்குத் தனிச் சட்டம். முதலில் வந்தது 1976ல், நெருக்கடி நிலையின்போது. 2010ல் வந்த புதிய சட்டத்தின் விதிகள், பந்த், மறியல் போன்றவற்றில் இறங்கும் அமைப்புகளையும் அரசியல் தன்மை கொண்டவை என்று அறிவிக்க இடம் தந்தன. இன்சாஃப் என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாக்கியது: கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் பொதுக் காரியத்துக்காகப் போராடுவதை மட்டும் வைத்து ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று சொல்ல முடியாது.

எங்கள் சங்கத்துக்கு வெளிநாட்டுக் காசு ஒரு பைசா கிடையாது. இருந்தாலும் நியாயம் அதேதான். சங்கக் காசில் கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் வம்பு. மூழ்கிய வயலுக்குக் கரை கேட்பது வேறு.

மனுவை எழுதிவிட்டேன். கூடவே தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி: "எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் சங்கம் ஆதரவு தராது." பொருளாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மனுவில் கையெழுத்துப் போட்டார். பெரியவர் முதல் ஆளாகப் போட்டிருந்தார்.

உங்கள் ஊர்ச் சங்கத்துத் தீர்மானப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதா? ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.