பெயரை மறைத்த பாடல்கள்

கவிதையின் உயர்வு தாழ்வைக் கூறுவோர் பலர். கவிதையைப் படிப்போர் மனம் எவ்வாறு தொழிற்படுகின்றது என ஆராய்ந்தோர் சிலரே. அச்சிலருள் முன்னிற்பவர் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் (1893–1979) என்பார்.

1920-களில் அவர் ஒரு சோதனை செய்தார். இயற்றியவர் பெயரைக் குறியாமல் பாடல்களை அச்சிட்டு மாணாக்கரிடம் அளித்தார். அவர்கள் ஒரு வாரம் வைத்துப் பன்முறை படித்துத் தம் கருத்தை எழுதித் தரவேண்டும். எழுதுவோர் பெயரும் வெளிப்படாது. இவ்வாறு 13 பாடல்களுக்குக் கிடைத்த கருத்துக்களை ஆராய்ந்து, ‘பிராக்டிகல் கிரிட்டிசிஸம்’ என்னும் நூலை 1929-இல் வெளியிட்டார்.

விளைவு வியப்பைத் தந்தது. எழுதியவருட் பெரும்பாலோர் ஆங்கில இலக்கியத்தையே பட்டத்திற்குப் பயின்றவர். ஆயினும் பலருக்குப் பாடலின் நேர்ப்பொருளே விளங்கவில்லை. சிலர் தம் சொந்த நினைவுகளைப் பாடலின்மேல் ஏற்றினர். சிலர் தம் கொள்கைக்கு ஒவ்வாமை கண்டு வெறுத்தனர். ஒருவர் போற்றியதை மற்றொருவர் இகழ்ந்தார். பெரும்புகழ் பெற்ற லாங்ஃபெலோவின் பாடலே யாவற்றினும் மிகுதியாக இகழப்பட்டது! கவிதையை உணரவிடாத இடர்களை ரிச்சர்ட்ஸ் பத்தாக வகுத்தார்.

பாடல்களை விரும்பினோர், வெறுத்தோர், இரண்டும் கூறாதோர் ஆகியோரின் அளவை நூலின் பிற்சேர்க்கையில் அட்டவணையாகவும் தந்தார். எண்களைக் கண்முன் நிறுத்தும் கலை அதற்கு முன்னரே வளர்ந்திருந்தது. ஸ்காட்லாந்தினரான வில்லியம் பிளேஃபேர் 1786-இலேயே வியாபாரக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து காட்டினார். ரிச்சர்ட்ஸின் அட்டவணையையும் அவ்வாறே வரைந்துவிடலாம். ஆனால், பட்டையின் நீளம் எத்துணையர் வெறுத்தனர் என்பதைக் காட்டுமேயன்றி, ஏன் வெறுத்தனர் என்பதைக் காட்டாது. பொருளுணராது வெறுத்தவரும் உணர்ந்து வெறுத்தவரும் கணக்கில் ஒருவரே. ஆதலின், கணக்கைக் கடைசியில் வைத்து, வாசகர் எழுதிய சொற்களையே நூலின் உடலாக அமைத்தார் ரிச்சர்ட்ஸ்.

தோழர்களே! பட்டம் பெற்றோர்க்கே கவிதை விளங்குமென்று எவரும் ஒதுங்கி நிற்க வேண்டுவதில்லை. வாசகசாலையில் நால்வர் கூடுங்கள்; புலவர் பெயரை மறைத்து ஒரு பாடலைப் படியுங்கள்; விரும்பினோர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பின்னர், ‘ஏன்?’ என்று ஒருவரையொருவர் வினவுங்கள். எண்ணிக்கை முடியுமிடத்திலேதான் இலக்கியக் கல்வி தொடங்குகின்றது.