வகுத்தல் கணக்குன்னாலே பயமா? முறுக்கை வைத்தே குழந்தைக்குப் புரியவைக்கலாம்!

வாய்ப்பாட்டை மடமடவென ஒப்பிக்கும் குழந்தைகூட வகுத்தலில் தடுமாறும். 2024 'அசர்' கல்வி ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் 5ஆம் வகுப்பு மாணவர்களில் 30.7 சதவீதம் பேருக்குத்தான் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்திருக்கிறது.

முதலில் நோட்டை ஓரமாக வையுங்கள். 14 முறுக்கைக் கொடுத்து, 3 தட்டில் ஒண்ணொண்ணாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். தட்டுக்கு 4, மீதி 2. பங்கு போடுவதுதான் வகுத்தல் என்பது கைக்கே புரிந்துவிடும்.

அடுத்து அதே எண்கள், வேறு கதை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இருந்து ஸ்ரீரங்கத்துக்கு 14 பேர் போகணும். ஒரு ஆட்டோவில் 3 பேர். எத்தனை ஆட்டோ வேணும்? '4, மீதி 2' என்று விட்டுவிட்டால் ரெண்டு பேர் சத்திரத்திலேயே நிற்பார்கள்! விடை 5. மிஞ்சிய முறுக்கை உடைத்துப் பங்கு போடலாம், ஆட்களை முடியுமா? மீதியை என்ன செய்வது என்பதைக் கதைதான் சொல்லும். வெறும் 14÷3 சொல்லாது.

'சமமாக' என்ற சொல்லையும் குழந்தைகள் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். ஸ்ரீரங்கம் கோயிலில் 7 பிரகாரங்கள், 21 கோபுரங்கள். 21-ஐ 7-ஆல் வகுத்தால் 3. அதற்காகப் பிரகாரத்துக்கு 3 கோபுரம் என்று சொல்லிவிட முடியாது. சமமாகப் பிரித்திருந்தால்தான் அந்த 3-க்கு அர்த்தம். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது, ராஜகோபுரத்தில் இருந்து எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.