எந்த வண்டியும் கூடாது

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பஜாஜ் அவெஞ்சர் ஸ்ட்ரீட், 220 சி.சி., 2016ஆம் வருசத்து வண்டி. 2019இல் திண்டுக்கல்லில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இதைப் போய் இங்கே எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இடதுசாரி நண்பர் ஒருவர் கேட்டே விட்டார்: "என்ன தோழர், நுகர்வுக் கலாச்சாரத்துல விழுந்துட்டீங்களா?" அவருடைய அப்பா 1970களிலேயே புல்லட் வைத்திருந்தவர். அந்த வீட்டில் வண்டி என்பது வாங்கி விற்கிற ஒரு சாமான், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்கு வேறு வரலாறு இருக்கிறது.

பழனிக்கு வடக்கே, தொப்பம்பட்டியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. பெயர் வேண்டாம், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஊருக்குக் கிழக்கே எங்கள் வளவு. வீட்டில் பேசுவது தெலுங்கு, நான் படித்தது எம்.ஏ. தமிழ். அய்யன் தோல் வேலை செய்தவர். கிணற்றுக்கு மோட்டார் வருவதற்கு முன்னால், கவலை இறைத்த காலத்தில், சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தது தாத்தாவும் அய்யனும். ஒரு சொட்டு ஒழுகினாலும் பண்ணாடி ஆள் விட்டுக் கூப்பிடுவார். கூலி களத்துமேட்டில் அளந்து போடுகிற தானியம். ஊருக்குச் செருப்பும் நாங்கள் தைத்ததுதான். தைத்தவன் அதைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாது.

நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், 1980களின் கடைசியில், அய்யன் ஒரு பழைய ஹெர்குலஸ் சைக்கிள் வாங்கினார். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும். தெரு முடிந்ததும் ஏறிக்கொள்ளலாம். ஒருநாள் நல்ல மழை, இறங்க மறந்துவிட்டாராம். திண்ணையில் இருந்த ஒரு பையன், பன்னிரண்டு வயசு இருக்கும், "ஏண்டா மாதாரி, இறங்கி உருட்டிட்டுப் போடா" என்று கத்தியிருக்கிறான். "சரிங்க சாமி"ன்னு இறங்கிட்டேன் என்று சொல்லிவிட்டு அய்யன் சிரிப்பார். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அய்யனுடைய அந்தச் சிரிப்பை நகையில் சேர்ப்பதா, அழுகையில் சேர்ப்பதா, இளிவரலில் சேர்ப்பதா என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இதெல்லாம் ஏதோ வழக்கம், யாரும் சட்டம் போட்டு வைத்ததில்லை என்பார்கள். போட்டிருக்கிறார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுக்குத் துணி போடக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. கேட்காதவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியமும் ஆடுமாடும் போயின. 1931 ஜூனில் தடைகளை 11 ஆக்கினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன், சாதி பற்றிய தன்னுடைய நூலில் இரண்டு பட்டியலையும் பதிந்து வைத்திருக்கிறார்.

அந்த 11ஆவது தடைதான் எனக்கு முக்கியம். கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் குதிரையில் ஊர்வலம் போகிற பழக்கத்தை விட வேண்டும். பல்லக்குக்குப் பதிலாகத் தங்கள் வீட்டுக் கதவையே பயன்படுத்த வேண்டும். எந்தக் காரியத்துக்கும் எந்த வண்டியும் கூடாது. கதவைப் பல்லக்காக்கு என்று சொன்னவனுக்கு அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டுக்குக் கதவு இருக்காது என்பதும் தெரியும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விடச் சொன்னார்கள் என்றால் அதற்கு முன்னால் நம் ஆட்கள் குதிரையில் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். நமக்கு ஒன்றுமே இருந்ததில்லை என்று நாமே எழுதிக்கொண்டிருப்பதை இந்தத் தடை மறுக்கிறது. பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். ஏழு வருசம் கழித்து ஊர் போட்ட பதில் தீர்மானம் இது.

இந்தச் சண்டையை வண்டி வாங்கியே தொடங்கியவர் அய்யன்காளி. திருவிதாங்கூரில் வெங்ஙானூர்க்காரர், புலையர். 1893இல் ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டி, கழுத்தில் பெரிய பித்தளை மணிகளைக் கட்டி, புலையர் நடக்கவே கூடாத பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். அடிக்க வந்தார்கள், திருப்பி அடித்தார். ஊருக்குள் போவதுதான் நோக்கமென்றால் மணி எதற்கு? ஊர் தூங்குகிற நேரமாகப் பார்த்துச் சத்தமில்லாமல் போயிருக்கலாமே. அந்த மணியில்தான் விசயம் இருக்கிறது. இன்றைக்கு நம் பையன் சைலன்சரை மாற்றினால் ஒழுக்கம் கெட்டவன் என்கிற பெரிய மனிதர்கள் அய்யன்காளியின் காளைக்குக் கட்டிய மணியைப் பற்றி என்ன சொல்வார்களோ தெரியாது. (நான் சைலன்சரை மாற்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

அம்பேத்கர் வாழ்க்கையிலும் வண்டி வருகிறது. 1901இல் சின்னப் பையனாக, அப்பா வேலை பார்த்த ஊருக்குப் போக ரயிலை விட்டு இறங்கி நிற்கிறார். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரன் ஓட்ட மாட்டேன் என்கிறான். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். கூலி வாங்கினவன் கூடவே நடந்து வந்தான். 1929இல் அவர் பாரிஸ்டர், அரசாங்கக் கமிட்டி உறுப்பினர். சாலிஸ்காவ் ஸ்டேசனில் இறங்குகிறார், அங்கேயும் குதிரைவண்டிக்காரர்கள் ஓட்ட மறுக்கிறார்கள். அவரை நடக்க விடக் கூடாது என்று மகார்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத ஒருவரை உட்கார வைத்தார்கள். பாலத்தில் சக்கரம் தட்டி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. 28 வருசத்தில் படிப்பு மாறியது, பதவி மாறியது, வண்டிக்காரன் மாறவில்லை.

வண்டி வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தினாலும் நிம்மதி இல்லை. 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து டி.வி.யையும் டிராக்டரையும் உடைத்தது, பாஸ்போர்ட்டைக்கூட விட்டு வைக்கவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் பெங்களூர் போய்ச் சம்பாதித்து வாங்கிய மோட்டார் சைக்கிள்கள் வீடுகளோடு எரிந்தன. எரிக்கிறவனுக்கு எது உறுத்தியது என்று அவன் கைபட்ட சாமான்களே சொல்லும். அதே வருசக் கடைசியில் ஒரு கட்சித் தலைவர் நம் பையன்களுடைய ஜீன்சையும் கூலிங் கிளாசையும் கணக்கெடுத்துப் பேசினார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சங்கரை வெட்ட வந்தவர்களும் மோட்டார் சைக்கிளில்தான் வந்தார்கள். அந்த வண்டிகளைப் பற்றி எந்தத் தலைவரும் பேசவில்லை.

என் வண்டிக்கு வருகிறேன். குரூசர் என்கிற இந்த ஜாதி வண்டி (வண்டியிலும் ஜாதி என்று வாய் தானாகச் சொல்கிறது பாருங்கள்) வேகத்துக்காகச் செய்தது இல்லை. இருக்கை தரையிலிருந்து இரண்டரை அடிக்கும் குறைவு. கால் வைக்கிற இடம் முன்னால் தள்ளி இருக்கும். அதனால் காலை நீட்டி, முதுகைப் பின்னால் சாய்த்துத்தான் உட்கார முடியும். டி.வி.எஸ். 50யில் குனிந்து போகலாம், சைக்கிளில் குனிந்தே மிதிக்கலாம். இதில் குனிய வழியே இல்லை. பண்ணாடி களத்துமேட்டுக் கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருப்பாரே, அதே உட்காரல். அய்யன் அவர் எதிரில் தரையில் குத்துக்காலிட்டே உட்கார்ந்தவர். அவெஞ்சருக்குக் கம்பெனி கொடுத்த விளம்பரம் கடவுளைப் போல உணருங்கள் என்பது. ஊர்க்கோயில் வாசலுக்கு வெளியே நின்றே கும்பிட்டவன் மகனுக்கு இந்த விளம்பரம் எப்படிக் கேட்கும் என்று எழுதிய ஆள் யோசித்திருக்க மாட்டார்.

வாங்கும்போது சீட்டு கிழிந்து கிடந்தது. சித்தப்பா திண்டுக்கல்லில் வண்டிச் சீட்டு தைக்கிறார். சாலுக்குத் தோல் தைத்த கை, கவலை நின்றதும் ரெக்சினுக்குப் போனது. நான் ரெக்சின் வேண்டாம் என்றேன். "தோலாடா? வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு நாறும்" என்றார். பிறகு அவரே தோல் மண்டிக்குப் போய்த் தொட்டுப் பார்த்து, மடக்கிப் பார்த்து, மோந்து பார்த்து எருமைத்தோல் எடுத்து வந்தார். மெசினில் ஓட்டவில்லை. குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைத்தார். சாலுக்குப் போடுகிற தையல் அது. மூன்று நாள் ஆனது. பின்னால் உட்காருகிறவருக்கு ஒரு சாய்மானமும், பக்கத்தில் புத்தகம் வைக்க ஒரு தோல்பையும் அதே தையலில். கூலி என்று ஒரு பைசா வாங்கவில்லை. "தைச்சதுல நம்மாளு உக்கார்றது இதான்டா மொதத் தடவ" என்றார்.

டேங்குக்கு நீல பெயிண்ட் அடித்தேன். நிறம் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும், பதிந்துவிட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருப்பதால் மற்றதில் கை வைக்கவில்லை. அவனவன் ஹேண்டில்பாரைக் கொம்பு மாதிரி தூக்கிக்கொண்டு திரிகிறான், எங்களைப் பிடிக்க மட்டும் சட்டம் ஞாபகம் வரும் என்கிற பயம்.

2025 பிப்ரவரி 12 அன்று சிவகங்கை மாவட்டம் மானாமதுரை பக்கத்தில் மேலப்பிடாவூரில் கல்லூரியில் படிக்கிற தலித் பையன் ஒருவன் புல்லட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். கீழ்ச்சாதிக்காரனுக்கு புல்லட் எதற்கு என்று சொல்லி வெட்டினார்கள் என்பது புகார். இரண்டு கைகளிலும் வெட்டு. மூன்று பேர் கைதானார்கள். சிவகங்கை 1985இல் பிரியும்வரை ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 11ஆவது தடை போட்ட அதே சீமை, இடையில் 93 வருசம். வண்டி ஓட்டுகிற உறுப்பு எது என்று தெரிந்து வெட்டியிருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பும் புதுத்துணியும் போடுவதை, கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் வரி வரியாக இருக்கிறது. ராமநாதபுரத்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துத் தலைகீழாக எழுதினது போல இருக்கும். படிக்கும்போது பெருமையாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது.

மேலப்பிடாவூர்ச் செய்தி டி.வி.யில் வந்த அன்றைக்கு ராத்திரி அம்மா போன் பண்ணினாள். "சாமி, அந்த வண்டிய ஊருக்குள்ள கொண்டாராத." பண்ணாடியையும் சாமி என்பாள், என்னையும் சாமி என்பாள். அடுத்த மூன்று தடவை நான் வண்டியைத் தொப்பம்பட்டியில் ஒரு நண்பரின் பட்டறையில் நிறுத்திவிட்டு பஸ்ஸில்தான் ஊருக்குப் போனேன். கூட்டங்களில் அய்யன்காளியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவன் செய்த காரியம் இது. வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

நாலாவது தடவை வண்டியோடு போனேன். ஊர்த்தெரு வழியாக இல்லை, புறவழியாகச் சுற்றி வளவுக்குப் போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பாலிடெக்னிக் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு ரவுண்டு?" என்றான். லைசென்ஸ் இருக்கா என்று கேட்டேன், எடுத்துக் காட்டினான். சாவியைக் கொடுத்தேன்.

அவன் புறவழிப் பக்கம் திரும்பவில்லை. சத்தம் ஊர்த்தெருவுக்குள் போனது. கோயில் முன்னால் மெதுவானது. அதற்கப்புறம் சத்தமே கேட்கவில்லை. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மா அதை இறக்கப் போகாமல், அவன் திரும்பி வருகிறவரைக்கும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.